எக்ஸ் சர்வர் ஓட்டையை அடைத்த விதம்: ஓப்பன்பிஎஸ்டி சிஸ்பேட்ச் சேவை, ஒரு மதிப்புரை

ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கி, சரிபார்த்து, நிறுவித் தரும் சிஸ்பேட்ச் என்ற கருவியையும் அதற்கு ஆதாரமான எர்ராட்டா என்ற பிழைத்திருத்த அறிவிப்புகளையும் ஒரு சேவையாகக் கருதி இங்கே மதிப்பிடுகிறேன். தீயரண் இயந்திரங்களிலும் அன்றாட வேலைக்கான மடிக்கணினியிலும் இந்த இயங்குதளத்தை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய சேவையின் தரம் அமைதியான மாதங்களில் தெரிவதில்லை. நெருக்கடியான ஒரு வாரத்தில்தான் தெரியும். எனவே 2018 அக்டோபரில் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்.ஆர்க் வரைகலை சர்வரில் (சுருக்கமாக எக்ஸ் சர்வர்) வெளிப்பட்ட ஓட்டையை உரைகல்லாக வைத்துக்கொண்டு, அதை இந்தத் திட்டத்தினர் எப்படி அடைத்தார்கள், அந்தத் திருத்தம் பயனரிடம் எப்படி வந்து சேர்ந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்பதை வரிசையாகப் பார்க்கிறேன்.

ஓப்பன்பிஎஸ்டி 1995 அக்டோபரில் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து, தியோ டி ராட் தலைமையில் கனடாவின் கால்கரி நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த திட்டம். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பு வரும். அண்மைய இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் வழங்கப்படும். இயங்குதளத்தின் கருவான கெர்னல், சி நூலகம், தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான ஓப்பன்எஸ்எஸ்எச் ஆகியவற்றைப் போலவே வரைகலைப் பகுதியும் இதில் அடிப்படை அமைப்பின் ஓர் அங்கம். எக்ஸ்.ஆர்க்கின் மூலநிரலைத் தங்கள் சொந்தத் திருத்தங்களோடு சேர்த்து செனோகாரா என்ற பெயரில் அவர்களே இயங்கும் நிரலாகக் கட்டி வெளியிடுகிறார்கள். இதனால் எக்ஸ் சர்வரில் ஒரு குறை இருந்தால், அது வேறு யாரோ செய்த மென்பொருளின் குறை என்று ஒதுக்கிவிட இந்த இயங்குதளத்தால் முடியாது. கெர்னலுக்குத் திருத்தம் தரும் அதே கைகள், அதே வரிசை எண்ணில், அதே கையொப்பத்தோடு இதற்கும் திருத்தம் தந்தாக வேண்டும். சேவையைப் பெறும் பக்கத்தில் இருப்பவனுக்கு இது பெரிய நிம்மதி. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை.

ஓட்டைக்குள் போகும் முன், எக்ஸ் சர்வருக்கு ஏன் அவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பழைய நாட்களில் வரைகலை அட்டையின் நினைவகத்தையும் பதிவேடுகளையும் எக்ஸ் சர்வரே நேரடியாகத் தொட்டு இயக்கியது. சாதாரணப் பயனரின் நிரலுக்கு அந்த உரிமை கிடையாது என்பதால், சர்வர் நிரலின் கோப்பில் செட்யுஐடி என்ற அடையாளம் இடப்பட்டது. அந்த அடையாளம் இருந்தால், நிரலை யார் தொடங்கினாலும் அது கோப்பின் உரிமையாளரான ரூட் என்ற முழு அதிகார நிர்வாகிக் கணக்கின் அதிகாரத்தோடு ஓடும். பிற்பாடு வரைகலை அட்டையைக் கையாளும் வேலை கெர்னலுக்குள் சென்றுவிட்டது. அந்த அதிகாரத்தின் தேவையும் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆனால் சாதாரணப் பயனர் தன் முனையத்திலிருந்து ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டித் திரையைத் தொடங்கும் பழக்கம் நிலைத்திருந்ததால், செட்யுஐடி அடையாளமும் கூடவே நிலைத்திருந்தது.

ஓப்பன்பிஎஸ்டியினர் இதில் சும்மா இருந்துவிடவில்லை. எக்ஸ் சர்வரை இரண்டாகப் பிரித்து, சிறிய ஒரு பகுதியை மட்டும் ரூட் அதிகாரத்தில் வைத்துவிட்டு, மீதமுள்ள பெரும்பகுதி தொடங்கிய சிறிது நேரத்தில் தனிக் கணக்கு ஒன்றுக்கு இறங்கிவிடும்படி முன்பே அமைத்திருந்தார்கள். நல்ல தற்காப்புதான். ஆனால் அதிகாரத்தைக் கைவிடுவதற்கு முன், தொடங்கும் அந்தச் சில கணங்களில் நடப்பவை ரூட்டின் பெயரிலேயே நடக்கின்றன. கட்டளை வரியில் வரும் விருப்பங்களைப் படிப்பதும், பதிவுக்கோப்பைத் திறப்பதும் அந்தக் கணங்களில்தான் நிகழ்கின்றன. ஓட்டை சரியாக அந்த இடத்தில் இருந்தது.

2018 அக்டோபர் 25 அன்று எக்ஸ்.ஆர்க் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பு சி.வி.இ-2018-14665 என்ற, ஓட்டைகளைப் பொதுவாக அடையாளம் காட்டும் எண்ணைத் தாங்கி வந்தது. குறையைக் கண்டுபிடித்துத் தெரிவித்தவர் என்று நரேந்திர ஷிண்டேவுக்கு அதில் நன்றி சொல்லப்பட்டிருந்தது. பாதிப்பு 2016 நவம்பரில் வெளியான 1.19 பதிப்பிலிருந்து தொடங்குகிறது. சிக்கல் இரண்டு கட்டளை விருப்பங்களில் இருந்தது: சர்வர் தன் துணை நிரல்கூறுகளை எந்த அடைவிலிருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லும் மாட்யூல்பாத், பதிவுக்குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று சொல்லும் லாக்ஃபைல். ரூட் அதிகாரத்தில் ஓடும் நிரலிடம் இந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. முதலாவதன் வழியே தாக்குபவர் தன் நிரலையே சர்வருக்குள் ஏற்றிவிடலாம். இரண்டாவதன் வழியே அமைப்பின் எந்தக் கோப்பையும் அழித்தெழுதலாம்.

இந்த ஆபத்தை எக்ஸ் சர்வரை எழுதியவர்கள் அறியாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முந்தைய பதிப்புகளில் சர்வர் கூடுதல் அதிகாரத்தோடு ஓடுகிறதா என்று முதலில் பார்த்து, ஆம் என்றால் இந்த இரண்டு விருப்பங்களையும் அடியோடு மறுத்துவிடும் சோதனை இருந்தது. 1.19 பதிப்புக்கு முன் நடந்த ஒழுங்குபடுத்தலில், ஒரே மாதிரித் தோன்றிய பல சோதனைகளைத் திரட்டிப் பொதுவான ஒரு செயற்கூற்றுக்குள் வைத்தார்கள். அமைவுக் கோப்பைக் குறிக்கும் விருப்பங்களுக்காக எழுதப்பட்ட அந்தச் செயற்கூறு இரண்டே கேள்விகளைத்தான் கேட்டது: கொடுக்கப்பட்ட பாதை சாய்கோட்டில் தொடங்கும் முழுப்பாதையா, அதற்குள் மேல் அடைவுக்கு ஏறும் இரட்டைப் புள்ளி இருக்கிறதா. இரண்டும் இல்லையென்றால் பாதை பாதுகாப்பானது என்று விட்டுவிடும். அமைவுக் கோப்பைப் பொறுத்தவரை இது சரியே. முழுப்பாதை அல்லாத பெயரைக் கொடுத்தால், சர்வர் அதைத் தனக்கென ஒதுக்கப்பட்ட அடைவுகளுக்குள்தான் தேடும். பதிவுக்கோப்பின் கதை வேறு. முழுப்பாதை அல்லாத பெயரைக் கொடுத்தால், பயனர் அந்த நேரத்தில் எந்த அடைவில் நிற்கிறாரோ அந்த அடைவில் அந்தக் கோப்பு திறக்கப்படும். அமைப்பின் முக்கியக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்கு எந்தச் சாதாரணப் பயனரும் போய் நிற்கலாம். அங்கே நின்றுகொண்டு, சாய்கோடோ இரட்டைப் புள்ளியோ இல்லாமல் கடவுச்சொல் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் சோதனை மனநிறைவோடு வழிவிட்டுவிடும்.

வெறும் அழித்தெழுதல் என்றாலே போதுமான கேடு. ஆனால் இங்கே எதை எழுதுவது என்பதையும் தாக்குபவரே ஓரளவு தீர்மானிக்க முடிந்தது. எழுத்துரு அடைவுகளைக் குறிக்க இன்னொரு விருப்பம் உண்டு. அதில் கொடுக்கப்படும் சொற்களை சர்வர் தன் பதிவுக்குறிப்பில் அப்படியே எழுதிவைக்கும். கடவுச்சொல் கோப்பில் இருக்க வேண்டிய வடிவில் ஒரு வரியை எழுத்துருப் பாதையாகக் கொடுத்தால், அந்த வரி பதிவுக்குறிப்புகளின் நடுவே கடவுச்சொல் கோப்பில் போய் உட்காரும். மற்ற வரிகள் பொருளற்றவை என்று தள்ளப்பட, இந்த ஒரு வரி மட்டும் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லை என்று அமைப்பை நம்பவைக்கும். அறிவிப்பு வந்த சூட்டிலேயே, ஒரு ட்வீட்டுக்குள் அடங்கிவிடும் அளவிலான தாக்குதல் வரி வெளியாகிவிட்டது. சில லினக்ஸ் விநியோகங்களில் இயந்திரத்தின் முன்னால் நேரடியாக அமர்ந்து உள்நுழைந்திருப்பவரே சர்வரைத் தொடங்க முடியும் என்ற கூடுதல் தடை இருந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் அந்தத் தடை இல்லை. எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து நுழைந்த சாதாரணப் பயனரும் ரூட் ஆகிவிட முடிந்தது. பாதுகாப்பையே தன் முதல் அடையாளமாக முன்வைக்கும் இயங்குதளத்துக்கு இது கடுமையான அடி.

அடி விழுந்த நேரமும் மோசமானது. ஓப்பன்பிஎஸ்டி 6.4 வெளியானது 2018 அக்டோபர் 18. சரியாக ஏழு நாள் கழித்து ஓட்டை பொதுவெளிக்கு வந்தது. வேறு சில நிறுவனங்களுக்கும் விநியோகங்களுக்கும் முன்கூட்டியே செய்தி போயிருக்க, தங்களுக்கு எந்த முன்னறிவிப்பும் வரவில்லை என்று தியோ டி ராட் வெளிப்படையாகவே வருத்தத்தைப் பதிவு செய்தார். தெரிந்திருந்தால் வெளியீட்டைத் தள்ளிவைத்தோ திருத்தியோ புதிய பயனர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த வாதத்தின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கூட்டாகப் பயன்படுத்தும் மென்பொருளில் குறை கண்டால், அதை வைத்து வெளியிடும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போக வேண்டும். சிலருக்கு மட்டும் முன்னதாகச் சொல்வது, மற்றவர்களின் பயனர்களை வெளியீட்டு நாளன்று திறந்த வாசலில் நிறுத்துவதாகும்.

இந்த நிலையில் சேவை எப்படி நடந்துகொண்டது என்பதுதான் மதிப்பீட்டின் மையம். 6.4 பதிப்பின் முதல் எர்ராட்டாவாக, 001 என்ற எண்ணோடு, அதே அக்டோபர் 25 தேதியில் அறிவிப்பு வந்தது. அப்போது ஆதரவில் இருந்த 6.3 பதிப்புக்கும் திருத்தம் வந்தது. அறிவிப்பிலேயே உடனடித் தற்காலிக வழி ஒன்றும் சொல்லப்பட்டிருந்தது: சிஎச்மாட் கட்டளையைக் கொண்டு சர்வர் கோப்பின் செட்யுஐடி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஒரே வரி. மறுதொடக்கம் வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம், கட்டவும் வேண்டாம். தட்டிய நொடியில் வாசல் மூடிவிடும். திருத்தம் தயாராகும்வரை பயனரைக் காத்திருக்கச் சொல்லாமல், இப்போதே செய்யக்கூடியதை முதலில் கையில் கொடுத்த இந்த வரிசையைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். பல பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு அறிவிப்புகளில் இந்தத் தற்காலிக வழி கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

நிரந்தரத் திருத்தம் சில வரிகளே. பொதுவாக்கப்பட்ட சோதனையை இந்த இரண்டு விருப்பங்களிலிருந்து விலக்கி, கூடுதல் அதிகாரத்தோடு ஓடினால் மறுத்துவிடு என்ற பழைய விதியைத் திரும்ப வைத்தார்கள். எக்ஸ்.ஆர்க் அதை 1.20.3 பதிப்பில் வெளியிட்டது. செனோகாரா அப்போது 1.19.6 பதிப்பை வைத்திருந்ததால், பதிப்பை மாற்றாமல் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துச் சேர்த்தார்கள். பயனருக்குத் திருத்தம் மட்டும் வர வேண்டும், அதோடு புதிய பழக்கங்களும் புதிய பிழைகளும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்ற கொள்கை இந்தச் சேவையில் எப்போதும் கடைப்பிடிக்கப்படுகிறது.

இனி சிஸ்பேட்ச். 2017 ஏப்ரலில் 6.1 பதிப்போடு இது அறிமுகமாவதற்கு முன், திருத்தம் என்றால் மூலநிரலை இறக்கி, பேட்ச் என்ற திருத்தக் கோப்பைப் பொருத்தி, தானே கட்டிக்கொள்வது என்றுதான் பொருள். எக்ஸ் சர்வரைக் கட்டுவது மெதுவான இயந்திரங்களில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. தீயரண் இயந்திரங்களில் கம்பைலர் தொகுப்பையே நிறுவாமல் விட்டவர்களுக்கு அது இன்னும் தொல்லை. சிஸ்பேட்ச் அந்தச் சுமையை இறக்கிவைத்தது. ரூட்டாக அந்த ஒரு சொல்லைத் தட்டினால், விடுபட்ட திருத்தங்கள் எவை என்று கண்டு, ஒவ்வொன்றாக வரிசைப்படி இறக்குகிறது. திரையில் கெட்/வெரிஃபை என்று தொடங்கும் வரி வரும். அதில் 001_எக்ஸ்சர்வர் என்ற கோப்பின் பெயரும், நட்சத்திரக் குறிகளால் நிறையும் பட்டையும், நூறு சதவீதம் என்ற எண்ணும் தெரியும். அடுத்த வரியில் இன்ஸ்டாலிங் பேட்ச் 001_எக்ஸ்சர்வர். அவ்வளவுதான். இறுதியில் திருத்தத்தின் விவரத்தை வார் அடைவின் சிஸ்பேட்ச் பிரிவில் படித்துப் பார்க்கலாம் என்ற குறிப்பு வரும். அங்கே போய்ப் பார்த்தால் மூலநிரலில் எந்த வரி நீங்கியது, எந்த வரி சேர்ந்தது என்ற பேட்ச் கோப்பே இருக்கும். தன் இயந்திரத்தில் என்ன மாறியது என்று நிர்வாகி வரி வரியாகப் படிக்க வழிசெய்யும் திருத்தச் சேவைகள் மிகக் குறைவு. நான் ஒவ்வொரு முறையும் படிக்கிறேன். எக்ஸ் சர்வர் திருத்தத்தைப் படித்தபோதுதான் மேலே சொன்ன பாதைச் சோதனையின் சிக்கல் எனக்குத் தெளிவாக விளங்கியது.

அந்த முதல் வரியில் வெரிஃபை என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் சிக்னிஃபை என்ற அவர்களுடைய சொந்தக் கருவியால் கையொப்பமிடப்பட்டு வருகிறது. சரிபார்க்கும் பொதுச்சாவி இயங்குதளத்தோடேயே வந்து ஈடிசி அடைவில் இருக்கிறது. மூலத் தளத்தின் நகலான எந்தக் கண்ணாடித் தளத்திலிருந்து இறக்கினாலும் கையொப்பம் பொருந்தாவிட்டால் நிறுவல் நின்றுவிடும். மாற்றப்படும் கோப்புகளின் பழைய வடிவத்தை எடுத்துவைத்துக்கொண்டுதான் புதியதை வைக்கிறது என்பதால், சிறிய ஆர் விருப்பத்தால் கடைசித் திருத்தத்தை மட்டும் திரும்ப எடுத்துவிடலாம். வட்டில் இடம் போதாவிட்டால் பாதியில் நின்று அமைப்பைச் சிதைக்காமல் தொடக்கத்திலேயே மறுக்கிறது. எக்ஸ் தொகுப்புகளை நிறுவாத என் தீயரண்களில் எக்ஸ் சர்வர் திருத்தங்கள் பட்டியலிலேயே வருவதில்லை. தேவையற்றதைத் தானே விலக்குகிறது. இவை எல்லாம் சில நூறு வரிகளில் அடங்கும் ஷெல் ஸ்கிரிப்டாக இருப்பதால், கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

திருத்தம் நிறுவப்பட்டதும் வேலை முடிந்ததா என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஓட்டைக்கும் வேறு வேறு பதில் உண்டு. சிஸ்பேட்ச் போதுமான அளவு உதவாத இடம் இதுவே. 2018 ஓட்டையில் தாக்குபவர் புதிதாக ஒரு சர்வரைத் தொடங்கினால்தான் தாக்க முடியும். எனவே வட்டில் இருக்கும் கோப்பு மாறிய கணத்திலேயே ஆபத்து நீங்கியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திரையை மூட வேண்டிய அவசியமில்லை. 2024 அக்டோபர் 29 அன்று வெளியான சி.வி.இ-2024-9632 அப்படியல்ல. விசைப்பலகை அமைவைக் கையாளும் பகுதியில், ஒதுக்கிய நினைவகத்தின் அளவைச் சரியாகக் குறித்துக்கொள்ளாததால் எல்லை மீறி எழுத இடம்கொடுத்த ஓட்டை அது. 2006இல் வெளியான 1.1.1 பதிப்பிலிருந்து 18 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் நினைவகத்தைக் குறிவைக்கும் இத்தகைய ஓட்டைக்கு, கோப்பை மாற்றினால் மட்டும் போதாது. வரைகலை அமர்வை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியாக வேண்டும். 2023 அக்டோபர் 25 அன்று வந்த சி.வி.இ-2023-5367க்கும் இதே நிலைதான். கெர்னலைத் திருத்தும்போது மறுதொடக்கம் செய்யுங்கள் என்று சிஸ்பேட்ச் நினைவூட்டுகிறது. எக்ஸ் சர்வருக்கும் அதே போல ஒரு வரி காட்டினால், மடிக்கணினியை மாதக்கணக்கில் மூடித் திறந்தே பயன்படுத்துபவர்கள் பழைய சர்வரோடு நாள் கடத்த மாட்டார்கள்.

எர்ராட்டாவின் மொழியிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2018 அறிவிப்பு, சர்வர் சில விருப்பங்களைச் சரியாகச் சோதிப்பதில்லை, அதனால் எந்தக் கோப்பையும் அழித்தெழுத இடமுண்டு என்ற அளவில் நின்றுவிட்டது. சொன்னது உண்மை, ஆனால் எந்தச் சாதாரணப் பயனரும் இதனால் ரூட் ஆகலாம், தொலைவிலிருந்தும் ஆகலாம் என்பதை அது எடுத்துச் சொல்லவில்லை. பல பேர் உள்நுழையும் பொது இயந்திரத்தை நடத்துபவருக்கும், தனியாக ஒரு மடிக்கணினியை வைத்திருப்பவருக்கும் அவசரம் ஒன்றல்ல. யாருக்கு எவ்வளவு அவசரம் என்று இன்னும் இரண்டு வாக்கியம் எழுதியிருக்கலாம். சுருக்கம் இந்தத் திட்டத்தின் இயல்பு என்பதை அறிவேன். இந்த ஓர் இடத்தில் அது பயனருக்கு எதிராக வேலை செய்கிறது.

மிக முக்கியமான நடவடிக்கை அவசரம் அடங்கிய பிறகு வந்தது; மற்ற திருத்தங்களிலிருந்து இதை வேறுபடுத்திக் காட்டுவதும் அதுவே. சோதனையைத் திரும்ப வைத்தது அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் அடுத்த முறை வேறு யாரோ வேறு ஒரு விருப்பத்தை ஒழுங்குபடுத்தும்போது இதே போல இன்னொன்று திறக்காது என்பதற்கு என்ன உறுதி? பல லட்சம் வரி நிரலைக் கொண்ட ஒரு சர்வர், தொடங்கும் கணத்தில் ரூட்டாக இருக்கும்வரை, அதன் ஒவ்வொரு விருப்பமும் ஒரு வாசல்தான். 2019 வசந்தத்தில் வந்த 6.5 பதிப்பில் அவர்கள் செட்யுஐடி அடையாளத்தையே நீக்கிவிட்டார்கள். எர்ராட்டாவில் தற்காலிக வழியாகச் சொன்னதே நிரந்தர நிலையாயிற்று. எக்ஸ் சர்வர் இனி அந்த அடையாளத்தோடு நிறுவப்படாது, திரையைத் தொடங்க செனோடிஎம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று பதிப்புக் குறிப்பு நேராகச் சொன்னது. செனோடிஎம் என்பது எக்ஸ்டிஎம் என்ற பழைய உள்நுழைவுத் திரையிலிருந்து பிரித்து எளிமையாக்கப்பட்டது. இயந்திரம் தொடங்கும்போது அதுவே ரூட்டாக ஓடி, தானே நிர்ணயித்த விருப்பங்களோடு சர்வரைத் தொடங்கி, பயனரிடம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. சர்வருக்குக் கட்டளை விருப்பங்களைக் கொடுக்கும் உரிமை இதனால் சாதாரணப் பயனரின் கையிலிருந்து போய்விடுகிறது.

இதற்கு ஒரு விலை இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. முனையத்தில் உள்நுழைந்து, வேண்டியபோது மட்டும் ஸ்டார்ட்எக்ஸ் தட்டித் திரையை எழுப்பும் பழக்கம் பலருக்கு மிகப் பிடித்தமானது. 6.5 பதிப்பில் அது சாதாரணப் பயனருக்கு வேலை செய்யாமல் போயிற்று. புதிய முறைக்கு மாறுவது பெரிய வேலை இல்லை: ஆர்சிசிடிஎல் கட்டளையால் செனோடிஎம்மை இயக்கிவிட்டு, எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் வைத்திருந்த வரிகளை எக்ஸ்செஷன் கோப்புக்கு மாற்றினால் போதும். என் மடிக்கணினியில் சாளர மேலாளரும் எழுத்துருக்களும் விசைப்பலகை அமைப்பும் அப்படியே வந்துவிட்டன. ஆனாலும் சிலருக்கு அது வெறும் வசதிக் குறைவு அல்ல, தங்கள் முறையில் வேலை செய்யும் உரிமை பறிபோனதாகவே பட்டது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தும், பழக்கம் ஒன்றைக் காப்பாற்றுவதற்காக ஒவ்வொரு இயந்திரத்திலும் ரூட் வாசல் ஒன்றைத் திறந்து வைத்திருப்பதா, அல்லது பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் அவர்கள் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததுதான் சரி என்று கருதுகிறேன். பயனர் கோபப்படுவாரே என்று அஞ்சி இத்தகைய முடிவைத் தள்ளிப்போடும் இயங்குதளங்களில், அதே இடத்தில் மீண்டும் மீண்டும் ஒட்டுப் போடப்படுவதைப் பார்க்கிறோம்.

குறைகளில் இன்னும் சில உண்டு. சிஸ்பேட்ச் ஏஎம்டி64, ஐ386, ஏஆர்எம்64 ஆகிய மூன்று கட்டமைப்புகளுக்கு மட்டுமே. பழைய ஸ்பார்க்64 இயந்திரத்தையோ பவர்பிசி மேக்கையோ வைத்திருப்பவர் இன்றும் மூலநிரலிலிருந்துதான் கட்டிக்கொள்ள வேண்டும். கெர்னலும் செனோகாராவும் சேர்ந்த அடிப்படை அமைப்புக்கே இதில் திருத்தம் வரும்; ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பொதிகளை பிகேஜி_ஆட் கட்டளையின் யு விருப்பத்தால் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் சிஸ்பேட்ச் ஓடிவிட்டதால் எல்லாம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று நம்பிவிட வாய்ப்புண்டு. உலாவியின் ஓட்டை எக்ஸ் சர்வரின் ஓட்டையைவிட அடிக்கடி வருவது. அடுத்து, எதுவும் தானாக நடப்பதில்லை. முதல் தொடக்கத்தின்போது திருத்தங்கள் உள்ளனவா என்று பார்த்து ரூட்டுக்கு அஞ்சல் வரும். அதன் பின் நினைவாகப் பார்ப்பது நிர்வாகியின் வேலை. நான், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில், சிறிய சி விருப்பத்தோடு சிஸ்பேட்சை நாள்தோறும் ஓடவிட்டு, புதியது இருந்தால் மட்டும் அஞ்சல் வரும்படி வைத்திருக்கிறேன். நிறுவுவதைத் தானியங்கியாக்க நான் விரும்பவில்லை. தீயரணில் என்ன மாறுகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுவதே எனக்கு ஏற்றது.

ஆதரவுக் காலம்தான் நிறுவனங்களுக்கு உண்மையான தடை. இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தம் என்றால், ஒரு பதிப்பை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பத்தாண்டு ஆதரவு தரும் வணிக லினக்ஸ் விநியோகங்களுக்குப் பழகிய அலுவலகத்தில் இதை விளக்கிச் சம்மதம் பெறுவது எளிதல்ல. 2019இல் வந்த சிஸ்அப்கிரேட் கருவி, ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதை ஒரே கட்டளையாக்கி இந்தச் சுமையைப் பெருமளவு குறைத்திருக்கிறது. இயந்திரத்தின் முன்னால் போய் உட்காராமலேயே தொலைவிலிருந்து மேம்படுத்த முடிகிறது. என் அனுபவத்தில், ஆறு மாதத்துக்கொரு சிறிய மாற்றம், பல ஆண்டு தேங்கிய பின் வரும் பெரிய மாற்றத்தைவிடக் கையாள எளிதாகவே இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு இருமுறை பராமரிப்பு நேரம் ஒதுக்க முடியாத இடத்தில் இந்த இயங்குதளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேவைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பதிவு செய்துகொள்ளவும் வேண்டாம், சந்தா எண்ணும் வேண்டாம். கால்கரித் திட்டத்துக்கு நிதி திரட்டக் கனடாவில் ஓப்பன்பிஎஸ்டி அறக்கட்டளை என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. சிஸ்பேட்சால் தன் இயந்திரங்களைக் காத்துக்கொள்ளும் நிறுவனங்கள் தங்கள் மென்பொருள் செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்குவது பொருத்தமானது. இன்றும் 6.5க்கு முந்தைய பதிப்பு ஓடும் இயந்திரம் யாரிடமாவது இருந்தால், அதற்குத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதலில் எக்ஸ் சர்வர் கோப்பின் செட்யுஐடி அடையாளத்தை எடுத்துவிட்டு, தரவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, புதிய பதிப்பை முதலிலிருந்து நிறுவிக்கொள்ளலாம்.